கன்ட்ரோலருக்குள் எல்இடி: ரெசிஸ்டரும் வயர் போகும் வழியும்

யுஎஸ்பி வயர் உள்ள கேம் கன்ட்ரோலரில் 5 வோல்ட் கிடைக்கும். நீலம், வெள்ளை எல்இடிக்கு 220 ஓம், சிவப்புக்கு 330 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பாகம்). 8–9 மில்லியாம்பியர்தான் ஓடும், வெளிச்சத்துக்கு அதுவே தாராளம். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். ஒன்றையே பொதுவாக வைத்தால் ஒன்று பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் எரியும். எல்இடியின் நீளமான கால் பாசிட்டிவ்.

வயர் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் 5 வோல்ட், கிரவுண்ட் (நெகட்டிவ்) இரண்டையும் உறுதிசெய்து, யுஎஸ்பியைக் கழற்றிய பிறகே சால்டர் செய்யுங்கள். சூட்டை ஓரிடத்தில் அதிக நேரம் வைத்தால் போர்டின் செப்புத் தடம் உரிந்துவிடும். மூடும்முன், வைப்ரேஷன் மோட்டாரின் எடை சுழலும் இடத்திலும் டிரிகருக்கு அடியிலும் வயர் போகாமல் ஒதுக்குங்கள். அறுந்தால் பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் மாடலா? 3 வோல்ட்தான், நீலம் மங்கிவிடும், 100 ஓமுடன் சிவப்பே போடுங்கள்.