பனியாற்றின் உட்பிளவுகளை ரேடாரில் கண்டறிவது எப்படி?

புதுப்பனி மூடிவிட்டால் பனியாற்றில் பிளவு இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கீழே ரேடியோ அலையை அனுப்பி அதன் எதிரொலியைப் பதியும் நிலம் ஊடுருவும் ரேடார் அதைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் பிளவின் வடிவில் காட்டாது. வேறு உருவத்தில் வருவதை அடையாளம் காண்பதுதான் இதில் பெரிய வேலை.

படி 1: ஆன்டெனா

மேலாகப் பனி மூடிய பிளவுகளுக்கு 400 மெகாஹெர்ட்ஸ் போதும். அன்டார்க்டிகாவில் மெக்மர்டோ ஆய்வு நிலையத்திலிருந்து தென்துருவம் போகும் பாதையில், வண்டிக்கு முன்னால் நீண்ட கழியில் இதைப் பொருத்தித் தள்ளிப்போய் ஆய்வு செய்திருக்கிறார்கள். இன்னும் ஆழம் வேண்டுமா? 100 அல்லது 50 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குங்கள். நுணுக்கம் குறையும்: பனிக்கட்டியில் 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே சுமார் 1.7 மீட்டர். உருகுநிலையில் உள்ள பனிக்கட்டியில் நீர் அலைகளைச் சிதறடிக்கும் என்பதால் அங்கே குளிர்காலத்தில் அளப்பது நல்லது.

படி 2: கோடு

பிளவுகள் ஓடும் திசைக்குக் குறுக்கே ரேடாரை இழுங்கள். இணையான பல கோடுகளாக, ஜிபிஎஸ் பதிவோடு. கயிறு கட்டாமல், தனியாக, ஒருபோதும் இறங்காதீர்கள். ரேடார் பிளவைக் காட்டும்போது நீங்கள் அதன்மேல் நின்றுகொண்டிருக்கலாம்.

படி 3: படத்தைப் படிப்பது

தொடக்க நேரத்தைச் சரிசெய்து, இரைச்சலை வடிகட்டி, ஆழத்துக்கேற்ப சிக்னலைப் பெருக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பாருங்கள்.

பனி அடுக்குகள் நீளமான கோடுகளாகத் தெரியும். பிளவு உள்ள இடத்தில் அவை சட்டென்று அறுந்திருக்கும். அங்கேயே கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளைவும் வரும். ஆன்டெனா நெருங்குவதற்கு முன்பே பிளவின் விளிம்பில் பட்ட அலை திரும்பத் தொடங்குகிறது. கிட்டே போகப்போக நேரம் குறைகிறது, தாண்டியதும் கூடுகிறது. வளைவின் உச்சிதான் விளிம்பு இருக்கும் இடம். செங்குத்தான சுவர் அலையை நேராகத் திருப்பி அனுப்பாது. அதனால் சுவரின் மேடுபள்ளங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக வளைவுகளாய் அடுக்கி வரும்.

படி 4: ஆழமும் உள்ளிருப்பதும்

பனிக்கட்டியில் அலையின் வேகம் நானோநொடிக்கு சுமார் 0.168 மீட்டர். போய்த் திரும்பும் நேரம் என்பதால் பாதியாக்குங்கள்: 300 நானோநொடி என்றால் ஏறத்தாழ 25 மீட்டர். இறுகாத பனியில் வேகம் கூடுதல். அங்கே இதே எண்ணைப் போட்டால் ஆழம் குறைவாக வரும்.

காற்று நிரம்பிய பிளவும் நீர் நிரம்பிய பிளவும் எதிரெதிர் முனைவில் எதிரொலிக்கும், அதாவது ஒன்றில் அலையின் மேடு முதலில் வந்தால் மற்றதில் பள்ளம் முதலில் வரும். எனவே முதல் அலையில் மேடு முந்துகிறதா, பள்ளமா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

சரி, வளைவு கிடைத்துவிட்டது. உடனே வரைபடத்தில் குறிக்காதீர்கள். ஆன்டெனா பக்கவாட்டிலும் அலை அனுப்புவதால், அது தள்ளியிருக்கும் வேறொன்றின் எதிரொலியாகவும் இருக்கலாம். பக்கத்துக் கோட்டிலும் பிளவின் திசையை ஒட்டி அதே வளைவு வந்தால் குறியுங்கள்.