இரண்டு மழைக்கும் தாங்கும் பள்ளி நூலகம்: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று குமரி மாவட்டத்தில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். அதனால் இங்கே நூலகப் பொறுப்புக்கு வருபவர் முதலில் பழக வேண்டியது, திரும்பி வரும் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காமல் அலமாரியில் வைக்காதிருப்பது.

1. வாங்கும்போதே பாருங்கள். பதிவேட்டில் பிள்ளையின் பெயரை அடிப்பதற்கு முன் முதுகு, ஓரம், நடுத்தாள் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள், பூஞ்சை கண்ணில் படும் முன்பே வாடை காட்டிக்கொடுக்கும். நல்லது, கிழிந்தது, நனைந்தது என மூன்று பெட்டிகள் போதும்.

2. நனைந்ததை அன்றே கவனியுங்கள். ஈரம் 48 மணி நேரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். வெள்ளி மாலை பூட்டிவைத்த ஈரப்புத்தகம் திங்களன்று கெட்டுப்போயிருப்பது இதனால்தான். லேசான ஈரமென்றால் தாள்களை விசிறிபோல் விரித்து நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். சொட்டச்சொட்ட நனைந்திருந்தால் நிறுத்தக் கூடாது, தையல் விட்டுவிடும். படுக்கவைத்துப் பத்துத் தாளுக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, அது ஈரம் குடித்ததும் மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வழவழப்பான படத்தாள் என்றால் ஒவ்வொரு தாளுக்கும் இடையில் வையுங்கள். ஒட்டிக் காய்ந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. வெயிலிலும் போடாதீர்கள், அட்டை வளையும். முக்கால்வாசி காய்ந்தபின் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, இரவு முழுக்கப் பாரம் ஏற்றுங்கள்.

3. தாள்களைப் பிடித்திருக்கும் கம்பிப் பின்னைக் கழற்றுங்கள். குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டுச் சிறுவர் இதழ்களின் கம்பிப் பின் துருவேறி, நடுத்தாளையே அரித்துவிடும். மழுங்கிய கத்தியால் பின்னின் கால்களை நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகள் வழியே பருத்தி நூலால் தைத்து உள்பக்கம் முடிச்சுப் போடுங்கள். கிழிந்த தாளுக்கு மெல்லிய தாளும் மைதா பசையும் போதும். செலோடேப் நாளாவட்டத்தில் மஞ்சளாகிக் கறையை விட்டுப்போகும்.

4. அலமாரி. சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். சிதல் (கரையான்) மண்கோடு இழுத்தால் அப்போதுதான் கண்ணில் படும். பாச்சை உருண்டை பூஞ்சையைத் தடுக்காது. பிள்ளைகள் உட்காரும் அறைக்கு அந்த வாடையும் ஆகாது. மழை அடிக்கும்போது ஜன்னலை மூடி விசிறியைப் போடுங்கள், வெறித்ததும் திறந்துவிடுங்கள். தினமும் ஒரு தட்டை மட்டும் வரிசை பார்த்துச் சரிசெய்தால் போதும்.

5. பதிவேடு. நூலகத்தில் சேரும்போது ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவேட்டில் தரும் சேர்க்கை எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறமும், எல்லாப் புத்தகத்திலும் ஒரே உள்பக்கத்திலும், உதாரணமாக 21-ஆம் பக்கத்தில், எழுதுங்கள். முதல் தாள் கிழிந்தாலும் அடையாளம் இருக்கும். நனைத்துக் கொண்டுவரும் பிள்ளையிடம் அபராதம் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்தமுறை புத்தகம் உங்கள் மேசைக்கு வராது, வீட்டுப் பரணில் காயும்.