புளி சேர்க்காத மீன்சட்டி: பிரேசிலின் மொக்கேக்காவை நம் வீட்டில் சமைக்கும் முறை

பிரேசிலின் கிழக்குக் கடற்கரையில் மீனைச் சமைக்கும் முறைகளுள் மிகவும் பெயர்பெற்றது மொக்கேக்கா. வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், கொத்தமல்லித்தழை ஆகியவற்றின் நடுவே மீனை அடுக்கித் தேங்காய்ப்பாலில் வேகவைப்பது என்று இதைச் சுருக்கிச் சொன்னால், தேங்காய்ப்பால் ஊற்றி மீன் ஆணம் காய்ச்சிப் பழகிய கீழக்கரை வீடுகளில் இதில் என்ன புதுமை என்று கேட்பார்கள். நாம் வழக்கமாகச் சேர்ப்பவற்றுள் எதையெல்லாம் இதில் விட்டுவிட வேண்டும் என்பதில்தான் புதுமை இருக்கிறது. புளி கிடையாது, குழம்புப்பொடி கிடையாது, தாளிப்பு கிடையாது, சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை, மீன் சட்டியில் ஏறிய பிறகு கரண்டி போடுவதும் இல்லை. இத்தனையும் விலகிவிடுவதால், மீன் சற்றே பழையதாக இருந்தாலும் அதை மறைக்க ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே வேலை கடற்கரையிலேயே தொடங்குகிறது. பாம்பனிலோ தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ, அன்று காலை வல்லத்தில் வந்திறங்கிய மீனை, செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் சதை விறைத்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெந்தபின் உதிராத, வெண்மையான, கெட்டிச் சதையுள்ள மீனே இதற்கு ஏற்றது. பிரேசிலில் இதற்குக் களவா இன மீன்களை விரும்பி எடுப்பதால், நமக்கும் களவாவே முதல் தேர்வு. கொடுவாயும் நன்றாக அமையும். அங்கு பெரிதும் விரும்பப்படும் ரொபாலோ என்னும் மீனையும் கொடுவாயையும் மீனியலார் முன்பு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள். விளைமீனும் பாறையும் அடுத்த நிலையில் வரும். சாளை, அயிலை போன்ற எண்ணெய் மிகுந்த மீன்களுக்குப் புளிக்குழம்பே சரியான இடம்.

நால்வருக்கு ஒரு கிலோ மீன் போதும். துண்டுகள் ஓர் அங்குலக் கனமாவது இருக்க வேண்டும். மெல்லியதாக வெட்டினால் தேங்காய்ப்பால் ஊற்றும் முன்பே சதை பிரிந்துவிடும். தலையையும் முள்ளையும் கழிக்காமல் தனியே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். துண்டுகளில் உப்பு, நசுக்கிய பூண்டு நான்கு பல், இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறு ஆகியவற்றைத் தடவி இருபது நிமிடம் வைத்தால் போதுமானது. ஒரு மணி நேரம் ஊறவிட்டால் எலுமிச்சையின் புளிப்பே மேற்சதையை வேகவைத்ததுபோல் வெளுக்கச் செய்து, பிறகு அடுப்பில் அது மொரமொரவென்று வறண்டுபோகக் காரணமாகிவிடும்.

மொக்கேக்காவுக்குப் பிரேசிலிலேயே இரண்டு கட்சிகள் உண்டு. பாஹியா மாநிலத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சமையல் வழியாக வந்த டெண்டே என்னும் சிவந்த பனையெண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ப்பார்கள். அதற்குத் தெற்கே உள்ள எஸ்பிரிட்டோ சான்டோ மாநிலத்தில் இரண்டுமே கிடையாது. ஆலிவ் எண்ணெயும், நிறத்துக்கு அனாட்டோ என்னும் சிவப்பு விதையும் மட்டுமே. தங்களுடையதுதான் மொக்கேக்கா, மற்றவர்கள் செய்வதெல்லாம் வெறும் மீன்குழம்பு என்று தெற்கத்தியர் சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் பயன்படுத்தும் கருஞ்சட்டி, அம்மாநிலத் தலைநகரான விட்டோரியாவின் கொயபேய்ராஸ் பகுதிப் பெண்கள் கையால் வனைவது. சுட்ட சூட்டோடு அலையாத்தி மரப்பட்டைச் சாற்றைத் தெளிப்பதால் அதற்குக் கருநிறம் ஏறுகிறது. 2002இல் பிரேசில் அரசு தன் நாட்டின் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களுள் முதலாவதாகப் பதிவுசெய்தது இந்தச் சட்டி வனையும் கலையைத்தான். நமக்கு மானாமதுரை மண்சட்டியே தாராளமாகப் போதும். வாயகன்றதாக, பழக்கிய சட்டியாக இருந்தால் சரி.

நம் கரைக்குப் பாஹியா முறையே எளிதில் ஒத்துவரும் என்பது என் கருத்து. ஆனால் டெண்டே எண்ணெய்க்கு ரேஷன் கடைப் பாமாயில் மாற்றாகாது. அது நிறமும் மணமும் நீக்கிச் சுத்திகரிக்கப்பட்டது. மூன்று மேசைக்கரண்டித் தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி, அரைத் தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளும் ஒரு சிட்டிகை மஞ்சளும் கலந்து, ஆறியபின் மெல்லிய துணியில் வடித்தெடுத்தால் நிறமாவது கிடைக்கும். அசல் எண்ணெயின் கனத்த மணம் அதில் வராது. அதற்காக வேறு எதையும் சேர்க்க முற்பட வேண்டாம்.

சட்டியில் இந்த எண்ணெயில் பாதியை ஊற்றி, வட்டமாக அரிந்த இரண்டு பெரிய வெங்காயத்தில் பாதி, நான்கு தக்காளியில் பாதி, மூன்று குடைமிளகாயில் பாதி என்று அடுக்குங்கள். சின்ன வெங்காயம் இதற்கு வேண்டாம். மேலே மீனை ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஒரு கைப்பிடி கொத்தமல்லியைத் தூவி, மீதிக் காய்களால் மூடி, தட்டைப் போட்டுச் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடுங்கள். தக்காளியும் மீனும் விடும் நீரே குழம்பாகும். முதல் ஐந்து நிமிடம் சட்டி வறண்டு கிடப்பதைப் பார்த்துப் பலருக்கும் கை செம்பைத் தேடும், ஆனால் பொறுத்திருக்க வேண்டும். நீர் ஊறியதும் தேங்காயின் முதற்பால் ஒரு கோப்பையைச் சுற்றிலும் ஊற்றி, கொதி ஏறவிடாமல், விளிம்பில் நுரை கட்டும் அளவுக்கு மட்டும் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். கொதித்தால் பால் திரிந்துவிடும். கலக்க வேண்டுமென்று தோன்றினால் சட்டியின் இரு புறமும் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். மண்சட்டி இறக்கிய பின்னும் வேகவைத்துக்கொண்டே இருக்குமாதலால், மீனின் நடுப்பகுதி சற்றே குறையாக இருக்கும்போதே அடுப்பை அணைத்து, மீதி எண்ணெயையும் மீதி மல்லியையும் மேலே விட்டு மூடிவிடுவது நல்லது.

இதோடு வெள்ளைச் சோறும் பிராவும் சேர்ந்தால்தான் பந்தி நிறைவுபெறும். பிராவ் என்பது மீன்தலைச் சாற்றில் மரவள்ளி மாவைக் கிண்டிச் செய்வது. கூழின் பதத்தில் இருக்கும். இம்மாவுக்கு ஜவ்வரிசி உதவாது, ஏனெனில் அது வெறும் மாச்சத்து. புதிய மரவள்ளிக்கிழங்கைத் தோல் நீக்கித் துருவி, துணியில் இறுகப் பிழிந்து, அந்த நீரைக் கட்டாயம் கொட்டிவிட்டு, அகன்ற சட்டியில் சிறு தீயில் ஈரம் முழுதும் போகும்வரை வறுத்தெடுக்க வேண்டும். பச்சைக் கிழங்கில் நச்சுப்பொருள் உண்டு என்பதால் பிழிவதிலும் வறுப்பதிலும் சோம்பல் கூடாது. தலையையும் முள்ளையும் உப்பும் பூண்டும் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவைத்து வடித்து, மொக்கேக்காச் சாறு ஒரு கரண்டி கலந்து, நான்கு கோப்பைச் சாற்றுக்கு ஏறத்தாழ ஒரு கோப்பை மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிண்டினால் கட்டி தட்டாது.

காரம் சட்டிக்குள் போவதைவிட இலையோரத்தில் இருப்பதே அவர்கள் வழக்கம். அங்கு மலகேட்டா மிளகாயை நசுக்கி எலுமிச்சைச்சாற்றோடு வைப்பார்கள். அதே இனத்தைச் சேர்ந்த காந்தாரி மிளகாய் நமக்குக் கைகொடுக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயைப் போட வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. போடுவதானால் ஊறவைத்து அரைத்துத் தனிக்கிண்ணத்தில் வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் நல்ல மீனுக்கு விலை ஏறிவிடும். அந்நாட்களில் எஸ்பிரிட்டோ சான்டோக்காரர்கள் செய்வதுபோல், பழுத்தும் இறுகியிருக்கும் நேந்திரம்பழத்தைக் கனத்த துண்டுகளாக்கி, தேங்காய்ப்பாலில்லாமல் இதே அடுக்குமுறையில் வேகவைக்கலாம். எப்படிச் செய்தாலும் அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் செய்யுங்கள். மறுநாள் சுண்டவைத்தால் புளிக்குழம்புக்கு ருசி கூடும்; இதைச் சுண்டவைத்தாலோ பால் பிரிந்து மீனும் ரப்பராகிவிடும்.