நிலம் விற்ற பணத்தை வீடு வாங்கும் வரை எங்கே வைப்பது?

பெரிய தொகை ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, "எங்கே வட்டி அதிகம்?" என்றுதான். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் செலவாகப்போகிற பணத்துக்கு அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, எந்தத் தேதிவாக்கில் இந்தப் பணம் வேண்டும். இரண்டாவது, அன்றைக்கு அது முழுசாக என் கணக்குக்கு வந்து சேருமா. இந்த இரண்டுக்கும் ஒரு தாளில் பதில் எழுதிவிட்டு அப்புறம் வட்டியைப் பாருங்கள். ஊரார் சொல்லும் யோசனைகளில் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும்.

நான் மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வாடிப்பட்டிப் பக்கம் இருந்த பூர்வீக நன்செயை அண்ணன்மாரும் நானும் விற்றோம். என் பங்காக வந்தது 42 லட்சம். திருநகர் பக்கம் 30 லட்சத்துக்குள் ஒரு பழைய வீடு வாங்கி, அம்மாவோடு அங்கே குடிபோக வேண்டும் என்பது திட்டம். வீடு அமைய ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். என் கணக்கையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். உங்கள் தொகை வேறாக இருந்தாலும் வழி இதேதான்.

முதலில் வரி. நன்செய் விற்றால் வரியே கிடையாது என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். அது தூரத்தைப் பொறுத்த விஷயம். நகராட்சி, பேரூராட்சி போன்றவற்றின் எல்லையிலிருந்து நிலம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்ப்பார்கள். மக்கள்தொகை 10 லட்சத்துக்கு மேல் உள்ள ஊர் என்றால் 8 கிலோமீட்டர், 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை 6 கிலோமீட்டர், 10,000 முதல் 1 லட்சம் வரை 2 கிலோமீட்டர். அதுவும் சாலைத் தூரம் இல்லை, நேர்கோட்டுத் தூரம். மதுரை மாநகராட்சியை மட்டும் அளந்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் பேரூராட்சியை மறந்துவிடக் கூடாது. அந்த வட்டத்துக்குள் நிலம் இருந்தால் ஆதாயத்துக்கு வரி உண்டு. ஆடிட்டரிடம் கேட்டு அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் மீதியைப் பற்றி யோசிக்க வேண்டும். இன்னொன்று: அந்த விற்பனைப் பணத்தில் வீடு வாங்கி வரிவிலக்குப் பெற நினைப்பவர்கள், கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வீடு அமையவில்லை என்றால் பணத்தை 'மூலதன ஆதாயக் கணக்குத் திட்டம்' என்ற தனிக் கணக்கில்தான் போட வேண்டும். சாதாரண ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டால் அந்த விலக்குக் கிடைக்காது. பல குடும்பங்களுக்கு இது தெரியாது.

வரி இருந்தால் அது போக மிஞ்சியதைத் தேதி வாரியாகப் பிரியுங்கள். நான் பிரித்தது இப்படி: வீட்டுச் செலவுக்கும் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் எந்த நேரமும் கையில் இருக்க 2 லட்சம். வீடு பிடித்ததும் அட்வான்ஸ் கொடுக்க 5 லட்சம். பத்திரப் பதிவன்று கொடுக்க வேண்டியது 25 லட்சம். வீட்டுக்குத் தேவைப்படாத மீதி 10 லட்சம்.

அந்த 2 லட்சம் சேமிப்புக் கணக்கில். அதில் வட்டி எதிர்பார்க்காதீர்கள். பெரிய வங்கிகள் பலவற்றில் 2.5 சதவீதம்தான். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 4 சதவீதம். அட்வான்ஸ் பணத்தை 'ஸ்வீப்' வசதியில் போட்டேன். சேமிப்புக் கணக்கில் ஓர் அளவுக்கு மேல் இருப்பது தானாக டெபாசிட்டாக மாறும். செக் வந்தாலோ பணம் அனுப்பினாலோ தேவையான அளவு மட்டும் உடைந்து கணக்குக்கு வரும். கிளையில் போய் எழுதிக் கொடுத்தால் போதும், ஆனால் நாம் கேட்காமல் அவர்களாகச் செய்து தரமாட்டார்கள்.

பதிவுக்கான 25 லட்சம்தான் முக்கியமானது. இதை ஒரே ஃபிக்சட் டெபாசிட் ரசீதாகப் போடக் கூடாது, ஐந்து ஐந்து லட்சமாக ஐந்து ரசீது போடுங்கள். காரணம் எளிய கணக்கு. நடுவில் 4 லட்சம் தேவைப்பட்டு, 25 லட்ச ரசீதை ஆறு மாதத்தில் உடைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடைத்தால் 1 சதவீதம் குறைத்துக் கொடுக்கும் வங்கியில், அரையாண்டுக்கு 12,500 ரூபாய் போய்விடும். 5 லட்ச ரசீது ஒன்றை மட்டும் உடைத்தால் போவது 2,500. மற்ற நான்கும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

ரசீது போடும்போது, கெடுவுக்கு முன்னால் உடைக்க முடியுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 1 கோடி ரூபாய் வரையிலான தனிநபர் டெபாசிட்டுகளை முன்கூட்டியே எடுக்க வங்கிகள் அனுமதிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை. அப்புறம் கூட்டுக் கணக்கு. 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்று எழுதியிருந்தால் கெடு முடிந்ததும் ஒருவர் கையெழுத்தே போதும். கெடுவுக்கு முன் உடைக்கப் பொதுவாக இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். மகன் துபாயில், அப்பா உசிலம்பட்டியில் என்றால் பதிவுக்கு முந்தைய நாள் இது பெரிய தலைவலி.

எந்த வங்கி? வங்கி மூழ்கினால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை. அசலும் வட்டியும் சேர்த்துத்தான் அந்த 5 லட்சம். மேல மாசி வீதிக் கிளையில் ஒன்று, அண்ணாநகர்க் கிளையில் ஒன்று என்று ஒரே வங்கியில் பிரித்துப் போடுவதால் காப்பீடு கூடாது, எல்லாக் கிளைகளையும் சேர்த்து ஒன்றாகவே பார்ப்பார்கள். 2020 பிப்ரவரிக்கு முன் இது வெறும் 1 லட்சமாக இருந்தது.

அப்படியானால் 25 லட்சத்தை ஐந்தாறு வங்கிகளில் போட வேண்டுமா? நான் அப்படிச் செய்யவில்லை. அத்தனை பாஸ்புக், அத்தனை கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று), அத்தனை ஓடிபி என் வயதில் வேறு வகை ஆபத்து. பென்ஷன் வரும் பொதுத்துறை வங்கியில் 15 லட்சம், இன்னொரு பெரிய வங்கியில் 10 லட்சம் வைத்தேன். ஸ்டேட் வங்கி, ஹெச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ ஆகிய மூன்றையும் நாட்டின் நிதி அமைப்புக்கே முக்கியமான வங்கிகள் என்று ரிசர்வ் வங்கி வகைப்படுத்திக் கூடுதல் மூலதனம் வைக்கச் சொல்கிறது. பெரிய வங்கி என்று நான் சொல்வது இந்த மாதிரி வங்கிகளையும் பொதுத்துறை வங்கிகளையும். இரண்டு வங்கி எதற்கு என்றால், வங்கி மூழ்கும் என்ற பயம் மட்டும் காரணமில்லை. கேஒய்சி புதுப்பிக்கவில்லை என்று கணக்கு நிற்கலாம். யாரோ அனுப்பிய பணத்தின் மேல் சைபர் கிரைம் புகார் வந்து கணக்கு முடக்கப்படலாம். அன்றைக்கு இன்னொரு வங்கி திறந்திருக்க வேண்டும்.

ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கிகள் எனப்படும் சிறு வங்கிகள் ஒன்று, ஒன்றரை சதவீதம் கூடுதலாகத் தருகின்றன. அவற்றுக்கும் காப்பீடு உண்டு. போடலாம், ஆனால் 5 லட்சத்துக்குள் வட்டியும் அடங்கும்படி. 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 4,60,000 போட்டால் ஓராண்டில் ஏறக்குறைய 4,98,000 ஆகும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காப்பீடு இருந்தாலும் கைக்கு வர நாளாகும். கரூரில் தொடங்கிய லக்ஷ்மி விலாஸ் வங்கியை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2020 நவம்பர் 17 அன்று அதில் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. அதே மாதம் 27-ஆம் தேதி டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது, டெபாசிட்காரர்கள் பணம் பத்திரமாகத் திரும்பியது. ஆனால் அந்த நாட்களில் பத்திரப் பதிவு வைத்திருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். காப்பீட்டுத் தொகை தர வேண்டிய நிலை வந்தால் சட்டப்படி அதற்கு 90 நாள் வரை ஆகலாம். வீட்டுப் பணத்தை நான் வட்டிக்காகச் சின்ன வங்கிக்குக் கொண்டுபோகாததற்கு இதுதான் காரணம்.

இனி, மதுரையில் தவறாமல் வரும் யோசனைகள். முதலில் வருவது ஒத்தி, அதாவது மொத்தத் தொகை கொடுத்து மாத வாடகை இல்லாமல் வீட்டை எடுத்து, கெடு முடிந்ததும் அந்தத் தொகையைத் திரும்ப வாங்குவது. "டீச்சர், 8 லட்சம் ஒத்திக்கு ஒரு வீடு இருக்கு, பிடிச்சுப் போடுங்க, மாசம் ஆறாயிரம் உள்வாடகை வரும்" என்பார்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 72,000, அதாவது 9 சதவீதம். வங்கியைவிட நல்லதாகத்தான் தெரியும். ஆனால் கெடு முடிந்ததும் வீட்டுக்காரர் கையில் அந்த 8 லட்சம் இருக்காது. மகள் கல்யாணத்துக்கோ கடையை விரிவாக்கவோ அது போயிருக்கும். அடுத்த ஒத்திக்காரர் வந்து பணம் கொடுத்தால்தான் உங்களுக்குப் பணம். அவர் வைகாசியில் வரலாம், தையில் வரலாம். குடியிருக்க வீடு வேண்டும் என்பவருக்கு ஒத்தி நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லமாட்டேன். அப்போதும் வில்லங்கம் போட்டுப் பார்த்து, மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்த்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கிக்குப் பின்னால்தான் நீங்கள் நிற்பீர்கள். தேதி குறித்த பணத்தை மட்டும் அதில் போடாதீர்கள்.

அடுத்தது, தெரிந்தவருக்கு இரண்டு வட்டிக்குக் கொடுப்பது. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். அவ்வளவு வட்டி கொடுத்து வாங்குபவருக்கு வங்கி ஏன் கொடுக்கவில்லை என்று யோசியுங்கள். புரோநோட்டை வைத்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம் என்பது உண்மை. பதிவு நாளன்று வழக்கு பணம் தராது.

நிதி கம்பெனிகள், மாதாமாதம் பங்குத்தொகை தருவதாகச் சொல்லும் நில நிறுவனங்கள் எதற்கும் டெபாசிட் காப்பீடு கிடையாது. இப்படிப் பணம் போனவர்களுக்காக 1997-இல் தனிச் சட்டமே வந்து, மதுரையில் அதற்கென்று சிறப்பு நீதிமன்றமும் இருக்கிறது. அந்த அளவுக்கு நம் மாவட்டங்களில் பணம் போயிருக்கிறது. யாராவது டெபாசிட் கேட்டால், அந்த நிறுவனத்துக்கு மக்களிடம் பணம் வாங்க அனுமதி உண்டா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். ஏலச்சீட்டு மாதாமாதம் கட்டுபவர்களுக்கானது, மொத்தப் பணத்துக்கு அது இடமில்லை. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைக்குப் போய்த் தங்க நாணயமாக வாங்கி வைப்பதும் ஓராண்டுப் பணத்துக்கு ஒத்துவராது. வாங்கும்போது 3 சதவீதம் ஜிஎஸ்டி, விற்கும்போது கடைக்காரர் கழிப்பது, நடுவில் விலை இறங்கினால் அதுவும் நம் தலையில்.

தங்கை மகன் கேட்டான், "லிக்விட் ஃபண்டில் போடலாமே பெரியம்மா?" நியாயமான கேள்விதான். இந்த வகை மியூச்சுவல் ஃபண்டு 91 நாளுக்குள் முதிரும் கடன் பத்திரங்களில் மட்டும் முதலீடு செய்வதால் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. விண்ணப்பித்தால் பொதுவாக அடுத்த வேலை நாளில் பணம் வரும். முதல் ஏழு நாளுக்குள் எடுத்தால் மட்டும் சின்னக் கழிவு. ஆனால் காப்பீடும் இல்லை, உத்தரவாதமும் இல்லை, லாபத்துக்கு உங்கள் வருமான வரி விகிதப்படி வரி. ஃபண்டு பழக்கமுள்ளவர்கள் ஒரு பகுதியைப் போடலாம். எனக்கு வட்டியில் பெரிய வித்தியாசம் தெரியாததால் போடவில்லை.

அஞ்சலகத்துக்கு மத்திய அரசின் முழு உத்தரவாதம் உண்டு, 5 லட்ச வரம்பு அங்கே இல்லை. பாதுகாப்பில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. ஆனால் ஓராண்டு டெபாசிட்டை ஆறு மாதத்துக்குள் எடுக்கவே முடியாது, ஆறு மாதத்துக்கு மேல் ஓராண்டுக்குள் எடுத்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான். அதனால் வீட்டுப் பணத்தை அங்கே வைக்கவில்லை. மிஞ்சிய 10 லட்சத்தை ஸ்காட் ரோடு தலைமை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும், 30 லட்சம் வரை போடலாம், ஐந்து ஆண்டுக் கெடு. ஓராண்டுக்குள் முடித்தால் கொடுத்த வட்டியையும் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், நிச்சயம் தொடமாட்டோம் என்ற பணம் மட்டுமே அங்கே போக வேண்டும்.

எங்கே வைத்தாலும் நியமனதாரர் பெயர் ரசீதில் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை, யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிட்டு, நியமிக்கலாம்.

பதிவுத் தேதி முடிவானதும் மூன்று நான்கு வேலை நாளுக்கு முன்பே ரசீதுகளை முடித்துச் சேமிப்புக் கணக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி இல்லை. பெரிய தொகையை வங்கிக்கு வங்கி அனுப்பும் ஆர்டிஜிஎஸ் இப்போது எந்த நாளும் எந்த நேரமும் போகும், ஆனால் செல்போன் வழி அனுப்ப உங்கள் கணக்குக்கு ஒரு நாள் உச்சவரம்பு இருக்கும். புதிதாகச் சேர்த்த பெயருக்கு முதல் நாள் பெரிய தொகை பெரும்பாலும் போகாது. விற்பவரின் கணக்கை முன்கூட்டியே சேர்த்து 100 ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிடுங்கள். செக் என்றால், எழுதிய விவரத்தை வங்கிக்கு முன்பே பதிவு செய்து தெரிவிக்க வேண்டும்.

வீடு அமையாமல் தேதி தள்ளிப்போனால் ரசீது தானாக இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்படும்படி விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் 'கெடு முடிந்ததும் சேமிப்புக் கணக்கில் வரவு' என்று குறித்துவிட்டு, வந்த பணத்தை மறுபடி மூன்று மூன்று மாதமாகப் போடுங்கள். ஒரு வருடத்துக்குக் கிடைப்பதைவிட வட்டி கொஞ்சம் குறையும். வீடு எந்த வாரம் அமைந்தாலும் எடுத்துக் கொடுக்கப் பணம் தயாராக இருக்கும்.