இலை வடிவமும் மரபணுவும்: விடைத்தாளிலும் வாசல் தொட்டியிலும் காணும் பிழைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உயிரியல் டியூஷன் நடத்தும் எனக்கு, இலைகளைப் பற்றிய பாடத்திற்கு மாதிரிகளைத் தேடி அலைய நேர்ந்ததே இல்லை. சாலையின் ஒரு பக்கம் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை. மறுபக்கம் இன்னும் வெட்டப்படாமல் மிஞ்சியிருக்கும் சில நிரை பால் மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள். பழைய லயத்து வீடுகளின் பின்புறம் மரவள்ளியும் முருங்கையும் கறிவேப்பிலையும். இத்தனை வகை இலைகளுக்கிடையில் வளர்ந்த பிள்ளைகள்தாம், இலையின் வடிவத்தை மரபணு எவ்வாறு தீர்மானிக்கிறது என்று கேட்டால், ஆண்டுதோறும் அதே பிழைகளை எழுதித் தருகிறார்கள். அவற்றில் சில, தொட்டியில் செடி வளர்க்கும் பெரியவர்களிடமும் உண்டு.

அதிகமாகக் காணப்படுவது, மரபணுவின் பெயரை வைத்தே அதன் வேலையை ஊகிப்பது. ஆங்குஸ்டிஃபோலியா என்றால் இலத்தீனில் குறுகிய இலை என்று பொருள். உடனே ‘இம்மரபணு இலையைக் குறுகலாக்குகிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் இம்மரபணு பழுதானபோது இலை குறுகிப் போனது. அந்தக் குறையைக் கண்டுதான் அப்பெயரை வைத்தார்கள். பழுதில்லாத நிலையில் அது இலை அகலமாக விரிவதற்கு உதவுகிறது. வட்ட இலை என்று பொருள்படும் ரொட்டுண்டிஃபோலியா-3 அவ்வாறே இலை நீள்வதற்கு உதவுவது. அது கெட்டால் இலை குட்டையாகி உருண்டையாகத் தோன்றும். நீளமும் அகலமும் தனித்தனிக் கட்டுப்பாட்டில் உள்ளன என்பதை ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோகாசு சுகாயாவின் குழு 1996இல் எடுத்துக்காட்டியது இவ்விரண்டையும் ஒப்பிட்டுத்தான். கங்காணி வராத நாளில்தான் அவர் என்ன வேலை பார்த்து வந்தார் என்பது நிரையில் தெரியும் என்று என் தாத்தா சொல்வார். மரபணுக்களுக்குப் பெயர் வைத்த முறையும் ஏறத்தாழ அதுதான்.

அடுத்த பிழை சற்று ஆழமானது. மரபணுவுக்குள் இலையின் படம் ஒன்று வரைந்து வைக்கப்பட்டிருப்பதாகவும், செடி அதைப் பார்த்து நகலெடுப்பதாகவும் பலர் எண்ணுகிறார்கள். மரபணுக்கள் செய்வதோ, எந்த இடத்தில், எப்பொழுது, எவ்வளவு வளரவேண்டும் என்பதைக் கூட்டுவதும் குறைப்பதுமே. வடிவம் அந்த வளர்ச்சியின் விளைவு. தண்டின் நுனியில் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் உயிரணுக்களை அந்நிலையிலேயே வைத்திருப்பவை க்னாக்ஸ் வகை மரபணுக்கள். அந்நுனியின் ஓரத்தில் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி குவியும் இடத்தில் க்னாக்ஸின் செயல் அடங்குகிறது. அங்கே ஓர் இலை முளைக்கிறது. அரபிடாப்சிஸ் போன்ற தனி இலைச் செடிகளில் க்னாக்ஸ் இலைக்குள் செயலற்றே கிடக்கும். தக்காளியைப் போலக் கூட்டிலை உடைய செடிகள் பலவற்றில் இளம் இலைக்குள் அது மீண்டும் விழித்துக்கொள்வதால், இலையின் ஓரம் இன்னும் சிறிது காலம் புதிய சிற்றிலைகளை ஈன்றுகொண்டே இருக்கிறது. பட்டாணி இதற்கு விதிவிலக்கு. அங்கே இப்பொறுப்பை யூனிஃபோலியாட்டா என்ற வேறொரு மரபணு ஏற்றிருக்கிறது. ஆகவே ‘எல்லாக் கூட்டிலைகளுக்கும் க்னாக்ஸ்தான் காரணம்’ என்று முடிப்பதும் மதிப்பெண்ணை இழப்பதற்கான வழியே.

ஆர்சிஓ என்ற மரபணுவின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். அரபிடாப்சிஸின் உறவான கார்டமைன் ஹிர்சுட்டாவுக்கு இலைகள் சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். அரபிடாப்சிஸுக்கோ முழு இலை. அரபிடாப்சிஸ் தன் பரிணாமப் பாதையில் ஆர்சிஓவை இழந்துவிட்டது என்பது 2014இல் வெளியானது. அதைத் திரும்பப் புகுத்தியபோது அதன் இலையின் ஓரம் மடல் மடலாகப் பிளந்தது. இம்மரபணு சிற்றிலைகளை வளர்ப்பதில்லை, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியின் வளர்ச்சியை அடக்குகிறது. இரு மடல்களுக்கு நடுவிலுள்ள பள்ளம், வளரவிடாமல் நிறுத்தப்பட்ட இடம். பருத்தியில் வெண்டை இலையைப் போல ஆழமாகப் பிளந்த இலை வருவதற்குக் காரணமான மரபணுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதைப் படித்த கையோடு, செம்பனை மட்டைக்கும் இதே விளக்கத்தைப் பொருத்திவிடுவார்கள். அதற்காகவே நாற்றங்காலில் கழித்துப் போட்ட ஒரு நாற்றை வகுப்புக்கு எடுத்து வருவேன். அதன் முதல் சில இலைகள் பிளவே இல்லாமல் ஈட்டி போல் இருக்கும். பிறகு நுனியில் இரண்டாகப் பிளந்தவை வரும். மட்டை என்று சொல்லத்தக்கது அதற்கும் பின்னரே. குருத்தைக் கத்தியால் குறுக்கே நறுக்கினால், வெளிறிய மஞ்சள் நிறத்தில், மடித்த விசிறியின் விளிம்பைப் போல வளைந்து வளைந்து செல்லும் மடிப்புகள் தெரியும். பனைக் குடும்பத்தில் இலை முதலில் ஒரே ஏடாக மடிந்து உருவாகி, பின்னர் அம்மடிப்புகளின் வழியே உயிரணுக்கள் ஒன்றையொன்று விட்டு விலகித் தனித்தனிக் கீற்றாகிறது. பால் மரத்தின் மூன்று சிற்றிலைகளும் செம்பனையின் கீற்றுகளும் பார்வைக்கு ஒரே இனம். பிறந்த வழி வேறு.

பெரிய இலை என்றால் அதிகமான உயிரணுக்கள் என்று கணக்குப் போடுவதும் சரியல்ல. உயிரணுப் பிரிவு குறைந்த சில செடிகளில், எஞ்சிய உயிரணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாகி அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன.

ஒரே மரபணுத் தொகுதிக்கு ஒரே இலைதான் என்ற நம்பிக்கையும் நெடுநாளாக இருக்கிறது. ஆர்ஆர்ஐஎம் 600 என்னும் பால் மர வகையின் ஒட்டுக்கன்றுகளை நட்ட நிரையில் ஒவ்வொரு மரத்தின் மேற்பகுதியும் மரபுவழியில் ஒன்றே. எனினும் வெயில் படும் உச்சி இலையும் நிழலில் வளர்ந்த அடி இலையும் தடிப்பில் வேறுபடும். நெடுஞ்சாலை ஓரத்து அக்கேசியா இதற்கு இன்னும் நல்ல சான்று: நாற்றாக இருக்கையில் தொட்டாற்சிணுங்கியைப் போன்ற நுண்ணிலைகள், வளர்ந்த பின் காம்பே தட்டையாகி இலையின் வேலையைப் பார்க்கிறது. செடியின் இளமையில் மிகுந்திருந்து, வயது ஏற ஏறக் குறையும் மிர்156 என்ற நுண் ஆர்என்ஏ (பிற மரபணுக்களின் செயலை அடக்கும் சிறு மூலக்கூறு) இத்தகைய மாற்றத்திற்குக் கடிகாரமாக இருக்கிறது.

கடைசியாக வாசல் தொட்டிக்கு வருவோம். மிளகாய்ச் செடியின் இலை சுருண்டதும் ‘மரபணு கெட்டுவிட்டது, விதை சரியில்லை’ என்று பிடுங்கி எறிகிறவர்கள் எங்கள் வீதியிலேயே இருக்கிறார்கள். மரபணுப் பிறழ்வால் இலை சுருளுவதும் உண்டுதான். தொட்டிச் செடியில் அது அரிது. விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் இலைப்பேனையும், கீழ்நோக்கிக் குவிந்திருந்தால் சிலந்திப்பேனையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸும் இலையைச் சுருட்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: சில வைரஸ்களின் புரதங்கள் செடியின் நுண் ஆர்என்ஏக்களின் வேலையையே குலைப்பதால், மரபணு அப்படியே இருக்க, பிறழ்வு நேர்ந்தது போலவே இலை உருக்குலையும். ஆகையால் இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். பூச்சி இருந்து, அதை ஒழித்த பின் வரும் கொழுந்து நேராக விரிந்தால், விதைக் கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.