நட்சத்திரம் நட்சத்திரமாகவே வெந்த கதை

முதல் தடவை கிறிஸ்துமஸ் குக்கீ சுட்டபோது, ஓவனுக்குள் நட்சத்திரமாகப் போனது வெளியே வரும்போது உப்பிய வட்டமாக இருந்தது. கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மைதா போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை கூடுதலாகச் சேர்த்தேன். வடிவம் நின்றது, ஆனால் கடித்தால் ஓடு மாதிரி. உண்மையில் தவறு வெண்ணெயில் இருந்தது. மாவு இறுகும் முன்பே வெண்ணெய் உருகினால் குக்கீ பரவிவிடும். இப்போது மாவைப் பட்டர் பேப்பர்களுக்கு நடுவே தேய்த்து, வடிவம் வெட்டி, தட்டோடு 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே சுடுகிறேன். பேக்கிங் பவுடரையும் விட்டுவிட்டேன். ஓரம் கத்தி வைத்து வெட்டியது போல நிற்கிறது.

அப்புறம் ஐசிங், அதாவது குக்கீ மேல் பூசும் சர்க்கரைக் கலவை. அது ஓரம் தாண்டி வழிந்துகொண்டே இருந்தது. கெட்டியான ஐசிங்கால் முதலில் கரை கட்டி, உள்ளே நிரப்புவதை மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு இளக்கினேன். கரண்டியால் கோடு கிழித்தால் அது 15 விநாடியில் மறைய வேண்டும். உடனே மறைந்தால் தண்ணீர் அதிகம். இன்னும் ஐசிங் சர்க்கரை போடுங்கள்.

சூடான குக்கீயில் ஐசிங் போடும் அவசரம் எனக்கும் இருந்தது. உருகி ஓடியது, அவ்வளவுதான்.

வெள்ளை ஐசிங்கில் சிவப்பு ஐசிங் கசிவதுதான் கடைசித் தலைவலி. வெள்ளையை ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் சிவப்பு வரைந்தேன். கசியவில்லை.