வினைல் ராப்: சீலர் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்

போன வாரம் ஒரு வேனுக்கு ராப், அதாவது வண்டியின் மேற்பரப்பை மூடும் வினைல் ஃபிலிம், ஒட்டிக்கொண்டிருந்த தம்பி, பக்கவாட்டில் ஓடும் பள்ளத்துக்குள் வினைலை இழுத்து இழுத்து இறக்கினார். சுருக்கம் இல்லை, குமிழி இல்லை, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓரத்தை மூடும் எட்ஜ் சீலரைத் தடவிவிட்டு, "முடிந்தது அண்ணா" என்றார். ஹீட் கன்னை எடுத்து அந்தப் பள்ளத்தின் மேல் லேசாகக் காட்டினேன். கொஞ்ச நேரம்தான். ஃபிலிம் பள்ளத்தின் அடியை விட்டு எழும்பி, கூடாரத் துணி மாதிரி விறைத்து நின்றது. அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இதே தவறை, இதே மாதிரியான பள்ளத்தில் நானும் செய்திருக்கிறேன். எனக்கு அது வண்டியை உரிமையாளரிடம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

வண்டியைக் கழுவிவிட்டு ஒட்டுங்கள், தூசியில்லாத இடத்தில் ஒட்டுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, பலரும் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நடுவில் துடைத்து ஓரத்தை விடுவது

கதவின் நடுப்பகுதியைப் பளபளவென்று துடைப்பார்கள். ஆனால் ஃபிலிம் பிடித்து நிற்க வேண்டிய இடம் கதவின் உள்மடிப்பு, பெட்ரோல் மூடியின் ஓரம், பம்பரின் அடி. மெழுகும் சிலிக்கான் பாலிஷும் தங்குவது அங்கேதான். 70 பங்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் 30 பங்கு தண்ணீரும் கலந்து ஒரு துணியால் தடவுங்கள். அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். தானாகக் காயவிட்டால் கரைந்த அழுக்கு அதே இடத்தில் படிந்துவிடும். ரப்பர் பட்டைக்கும் விளக்குக்கும் பின்னால் ஒளிந்திருக்கும் தண்ணீரையும் கவனியுங்கள். சூடு பட்டதும் அது கசிந்து சரியாக ஓரத்துக்குத்தான் வரும்.

இழுத்து ஒட்டிவிட்டு, சீலரை நம்புவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

வினைலுக்கு ஞாபகசக்தி உண்டு. இழுத்தால் நீளும், ஆனால் பழைய அளவுக்குத் திரும்பவே பார்க்கும். திரவமாக ஊற்றி உலர்த்திச் செய்யும் காஸ்ட் வினைலில் இந்த இழுவிசை குறைவு. உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தகடாக்கும் காலண்டர் வினைலில் அதிகம். அதனால்தான் வளைவுள்ள வண்டிக்குக் காலண்டர் வினைல் வேண்டாம் என்கிறோம். ஆனால் காஸ்ட் என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம் என்றும் கிடையாது. இழுக்க இழுக்க ஃபிலிமோடு பசையும் மெலிகிறது, நிறமும் வெளிறுகிறது.

எட்ஜ் சீலரின் வேலை, ஓரத்தின் வழியாகத் தண்ணீரும் அழுக்கும் உள்ளே போகாமல் தடுப்பது. அவ்வளவுதான். பின்னுக்கு இழுக்கும் ஃபிலிமைப் பிடித்து வைக்கும் பலம் அதற்கு இல்லை. பிடிப்பைக் கூட்ட ஃபிலிமுக்கு அடியில் தடவும் ப்ரைமரின் கதை இன்னும் மோசம். நான் செய்த வேனில் பள்ளம் முழுக்க ப்ரைமர் தடவி ஒட்டினேன். மூன்று வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. பள்ளத்தின் இரண்டு முனைகளிலும் ஃபிலிம் எழும்பி, உள்ளே சேறு. உரித்தபோது, ப்ரைமர் தொட்ட இடத்திலெல்லாம் பசை வண்டியிலேயே தங்கிவிட்டது. பசை நீக்கியும் பிளாஸ்டிக் சுரண்டியுமாக ஒரு முழு நாள் அதை எடுக்கவே போனது. அதன் பிறகு அந்தப் பக்கம் முழுவதும் புது ஃபிலிம். ராப் ஒட்டிய உழைப்பைவிட அதைக் கழற்றிய உழைப்புதான் அதிகம்.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? பள்ளத்தின் அடிக்கு முதலில் ஃபிலிமை ஊட்டுங்கள். சுற்றிலும் இன்னும் ஒட்டாத ஃபிலிம் தளர்வாக இருக்கும்போதே அதை உள்ளே தள்ளினால், நீள வேண்டிய தேவையே குறையும். அது முடியாத இடத்தில் பள்ளத்தின் மேல் பாலம் போல விரித்து, அகலமாகச் சூடாக்கி, கையுறை போட்ட விரல்களால் மெல்ல இறக்குங்கள். அப்போது இழுவை ஒரே கோட்டில் குவியாமல் பரவும். மிக ஆழமான பள்ளமா? அடிக்குத் தனித் துண்டு ஒட்டி, அதன் மேல் அடுத்த ஃபிலிமை இணையுங்கள். இணைப்புக் கோடு தெரிகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். எழும்பி நிற்கும் ஃபிலிம் அதைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்தது சோதனை. ஒட்டி முடித்ததும் கை வைக்காமல் மிதமாகச் சூடு காட்டுங்கள். எழும்பினால் இழுவை இருக்கிறது என்று பொருள். தூக்கி, தளர்த்தி, மறுபடி அமர்த்துங்கள். எழும்பாமல் இருந்தால்தான் கடைசிச் சூடு. பெரும்பாலான காஸ்ட் ஃபிலிம்களுக்கு இது 90 முதல் 110 டிகிரி செல்சியஸ்வரை. உங்கள் ஃபிலிமின் எண் அதன் தரவுத்தாளில் இருக்கும். இந்தச் சூட்டில்தான் வினைல் தன் பழைய அளவை மறக்கிறது. இழுத்த இடம், பள்ளம், மடித்த ஓரம் என ஒவ்வொன்றையும் அகச்சிவப்பு வெப்பமானியில் பார்த்துக்கொண்டே, நிதானமாக நகர்த்துங்கள். "கை பொறுக்காத சூடு வந்தாச்சு" என்று நிறுத்துகிறவர்கள் அநேகமாகப் பாதி வழியில்தான் நிற்கிறார்கள். 60 டிகிரியிலேயே விரல் பொறுக்காது. குரோம் மாதிரி மின்னும் ஃபிலிமில் வெப்பமானி குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள், இல்லையென்றால் எரித்துவிடுவீர்கள்.

இவ்வளவும் ஆன பிறகு சீலர் தடவினால், அது தன் வேலையைச் செய்யும்.

பெயின்ட் மேல் பிளேடு

வேண்டாம். ஃபிலிமுக்கு அடியில் ஒட்டி, உள்ளிருக்கும் நூலை இழுத்தால் கத்தியில்லாமல் வெட்டும் நூல் டேப் இருக்கிறது. பிளேடு பெயின்டைத் தாண்டினால் துரு தொடங்கும்.

இணைப்பை எதிர்த்திசையில் போடுவது

ஓட்டுக்கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத் துண்டு பின்பக்கத் துண்டின் மேலும், மேல்துண்டு கீழ்த்துண்டின் மேலும் வர வேண்டும். அப்போது காற்றும் மழையும் இணைப்பைத் தாண்டி வழுக்கிப் போகும். தலைகீழாகப் போட்டால், வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்த ஓரத்தை நெம்பும். அந்த வாயை எந்தச் சீலராலும் நெடுநாள் மூடி வைக்க முடியாது.

ஈரம் போகாத அச்சு

சால்வென்ட் (கரைப்பான்) மையில் அச்சடித்த ஃபிலிமை நன்றாகக் காயவிட்டுத்தான் லேமினேட் செய்ய வேண்டும், அதாவது அதன் மேல் பாதுகாப்புப் படலம் ஒட்ட வேண்டும். குறைந்தது ஒரு முழு நாள், மை அடர்த்தியாக இருந்தால் இன்னும் கூடுதலாக. அதுவும் இறுக்கமாகச் சுருட்டி வைக்காமல், காற்றுப் படும்படி தளர்வாக. உள்ளே மாட்டிய சால்வென்ட் பசையை இளக்கும், ஓரம் சுருளும். அப்போது ஒட்டியவர் மேல்தான் பழி வரும்.

புதிதாக அடித்த பெயின்ட்

உலர்ந்த உடனே ஒட்டக் கூடாது, பெயின்டிலிருந்து வரும் வாயு முழுக்க வெளியேற வாரக்கணக்கில் காத்திருங்கள்.

வண்டியை அனுப்பிவிட்டு மறப்பது

முதல் இரண்டு நாள் கழுவக் கூடாது என்று உரிமையாளரிடம் சொல்லுங்கள். பசை முழுப் பிடிப்புக்கு வர நேரம் எடுக்கும். அப்புறமும் அழுத்த நீர் என்றால் முனை ஓர் அடி தள்ளி, விரிந்த பீச்சலாக, ஃபிலிமுக்கு நேர்முகமாக இருக்க வேண்டும். ஓரத்தின் அடியில் சாய்த்துப் பீச்சினால் நல்ல ராப்பும் உரியும். பானட்டும் கூரையும் வெயிலை நேராக வாங்குவதால் பக்கங்களைவிட முன்பே தளரும். அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து வண்டியை ஒருமுறை கொண்டுவரச் சொல்லுங்கள். பள்ளங்களிலும் மடிப்புகளிலும் விரல் நுனியால் தடவிக்கொண்டே சுற்றி வாருங்கள். எழும்பிய இடம் சுத்தமாக இருக்கும்போதே கிடைத்தால், சூடாக்கித் தளர்த்தி அமர்த்திவிடலாம். தூசி ஏறிய பசை மறுபடி பிடிக்காது. அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் ஒட்ட வேண்டும்.